ஸ்டிக்கரைப் பார்த்து லேப்டாப் வாங்காதீர்கள்

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். மகள் பொன்னேரி அரசுக் கல்லூரியில் பி.காம். முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் வேண்டும் என்கிறாள். எனக்கும் தேவைதான். கம்பெனியில் ஸ்டாக் கணக்கு முழுவதும் எக்ஸலுக்குப் போய்விட்டது. ஷிப்ட் முடிந்து வந்து வீட்டிலும் உட்கார வேண்டியிருக்கிறது. பையன் பத்தாம் வகுப்பு. அவனுக்கு வேண்டியது கேமிங் லேப்டாப்பாம்.

கையில் 40,000 ரூபாய் வைத்திருக்கிறேன். இன்னும் ஐந்தாயிரம் புரட்டலாம். உடன் வேலை செய்பவர், "ரிச்சி தெருவில் ஐ7 லேப்டாப் 18,000க்குக் கிடைக்குது, எதுக்கு வீண் செலவு?" என்கிறார். திருவள்ளூரில் ஒரு ஷோரூமில் 62,000 ரூபாய் மாடலைக் காட்டி, "வட்டியில்லா இ.எம்.ஐ. போட்டுக்கலாம் சார், அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை" என்றார்கள். ஆன்லைனில் 22,990க்குப் புதிதே இருக்கிறது. எங்கள் பக்கம் கரண்ட் வேறு ஏறி இறங்கும். ஸ்டெபிலைசர் போட வேண்டுமா? யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: கடைப்படி ஏறுவதற்கு முன் மகளின் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக 2025 மார்ச் மாதத் தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் கொடுக்கவும் தொடங்கினார்கள். மகள் படிப்பது அரசுக் கல்லூரி என்பதால் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. எந்த ஆண்டு மாணவர்களுக்கு எப்போது என்பதைக் கல்லூரியில்தான் சொல்ல முடியும். "உறுதியாக வரும், இந்த மாதத்தில் வரும்" என்று சொன்னால் மகளை மனத்தில் வைத்து வாங்க வேண்டியதில்லை. உங்கள் எக்ஸலுக்கும் பையன் படிப்புக்கும் போதுமான ஒன்றை வாங்கி மீதிப் பணத்தைப் பத்திரப்படுத்தலாம். "பார்ப்போம்" என்று இழுத்தால் காத்திருக்காதீர்கள். செமஸ்டர் யாருக்காகவும் நிற்காது.

அந்தத் திட்டத்தைப் பேச்சில் இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. லட்சக்கணக்கில் வாங்கும் அரசு, ஒரு மாணவருக்கு எது போதும் என்பதை எழுதித்தான் டெண்டர் விட வேண்டும். இம்முறை எழுதியது: ஐ3 அல்லது ரைசன் 3 அளவிலான ப்ராசஸர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. கமிஷன் எதிர்பார்க்கும் சேல்ஸ்மேன் எழுதிய பட்டியல் அல்ல அது. அதனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அளவுகோலும் பழசாகும். விலையில்லா லேப்டாப் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்தது உங்கள் மாவட்டத்தில்தான்: திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில், 2011 செப்டம்பர் 15 அன்று. அப்போது கொடுத்த லேப்டாப்பில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். அன்றைக்கு அது தாராளம். இன்றும் பல வீடுகளில் பரணில் கிடக்கும் அந்த லேப்டாப்பை இறக்கி ப்ரௌசரைத் திறந்து பாருங்கள். நாலு டேப்புக்கு மேல் மூச்சு முட்டும். லேப்டாப் கெடவில்லை, இணையதளங்கள் கனத்துவிட்டன. இன்று வாங்குவது மகள் படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்வரை ஓட வேண்டுமென்றால், 8 ஜிபி என்பதை அடிமட்டமாக வையுங்கள். 16 ஜிபி கிடைத்தால் விடாதீர்கள்.

இனி உங்கள் வீட்டு வேலை என்ன என்று பார்ப்போம். எக்ஸல், டேலி, ப்ரௌசர், ஆன்லைன் வகுப்பு, பிடிஎஃப், யூடியூப். இதில் எதற்குமே பெரிய ப்ராசஸர் தேவையில்லை. விலை குறைந்த லேப்டாப் திணறுவது பெரும்பாலும் ராம் போதாமையால். அல்லது உள்ளே இருக்கும் ஸ்டோரேஜ் மந்தமாக இருப்பதால். கடையில் நடக்கும் பேச்சோ முழுக்க கீபோர்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கரைப் பற்றியே. ஐ3யும் 16 ஜிபியுமா, ஐ5யும் 8 ஜிபியுமா என்று ஒரே விலையில் இரண்டு வந்து நின்றால், உங்கள் வீட்டுக்கு முதலாவதுதான்.

இப்போது உங்கள் நண்பரின் ஐ7. 18,000 ரூபாய்க்கு ஐ7 என்றால் அது எந்த வருடத்து ஐ7 என்று கேட்க வேண்டும். ஐ7 என்பது அந்தந்த வருடத்துக் குடும்பத்தில் மூத்த பிள்ளை என்று மட்டுமே பொருள். பத்து வருடத்துக்கு முந்தைய மூத்த பிள்ளையை இன்றைய கடைக்குட்டி ஓரங்கட்டிவிடும். ஓர் உதாரணம்: 2015இல் வந்த ஐ7-6600யூ சிப்பில் இருப்பது இரண்டே கோர். 2022இல் வந்த ஐ3-1215யூ சிப்பில் ஆறு. பெயரை விட்டுவிட்டு, கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். அது 4, 5, 6, 7 என்று தொடங்கினால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். 8250 என்பதுபோல 8இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை, மேற்கொண்டு பார்க்கலாம். 10, 11, 12 என்று தொடங்கினால் இன்னும் புதிது.

எட்டில் கோடு கிழிப்பதற்குக் காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்டில் ஓராண்டு அவகாசம். விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத சிப்பும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். "அதெல்லாம் ஒண்ணுமில்லை சார், இதிலேயே 11 போட்டுத் தர்றேன்" என்பார்கள். போட்டுத் தரவும் செய்வார்கள், ஓடவும் செய்யும். ஆனால் தகுதியில்லாத லேப்டாப்புக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கம்பெனிக் கணக்கு இருக்கும் லேப்டாப்பில் அந்த விளையாட்டு வேண்டாம்.

பழையதே கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் பட்ஜெட் 25,000 ரூபாயாக இருந்திருந்தால், புதியதை விட்டுவிட்டு, கம்பெனிகள் உபயோகித்துக் கழித்த லேப்டாப்பைத்தான் தேடச் சொல்லியிருப்பேன். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்றவை அலுவலக உபயோகத்துக்கென்றே கட்டியவை. உடம்பு கெட்டி, கீபோர்டு நன்றாக இருக்கும், ராமும் எஸ்.எஸ்.டி.யும் மாற்ற முடியும். ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்ப் பார்ப்பதும் நல்லதுதான். மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் வளாகம் வந்து இறங்கி, சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தமே அரசினர் தோட்டம். அங்கிருந்து நடை தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வேறு நாளில் லீவு போட்டுக்கொள்ளுங்கள். கடையில் எடுத்ததும் பேட்டரி ரிப்போர்ட் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸே ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது, முதலாவதில் பாதிக்கு இறங்கியிருந்தால் பேட்டரி மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். பிறகு லேப்டாப்பை அணைத்து, மறுபடி போட்டு, பயாஸுக்குள் போய்க் காட்டச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அது பழைய கம்பெனி போட்ட பூட்டு. திறக்க முடியாமல் பின்னால் நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். கீபோர்டில் எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள், கேமராவைத் திறந்து பாருங்கள், யுஎஸ்பி துளை ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள்.

ஆன்லைனில் பார்த்த 22,990 ரூபாய்ப் புதுச் சரக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விவரத்தை விரித்துப் படியுங்கள். செலரான், 4 ஜிபி ராம், 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி என்று இருந்தால் வேண்டாம். இஎம்எம்சி என்பது போர்டிலேயே ஒட்டவைத்த, விலை குறைந்த போனில் வருவதுபோன்ற ஸ்டோரேஜ், எஸ்.எஸ்.டி. வேகம் அதில் வராது, பின்னால் மாற்றவும் முடியாது. சிலவற்றில் விண்டோஸ் 'எஸ் மோடு' என்று வரும். அதில் டேலி ஏறாது. செட்டிங்ஸில் போய் எஸ் மோடை விட்டு வெளியேறலாம், காசு கேட்காது.

டேலி என்றதும் இன்னொன்று. குரோம்புக் மலிவாயிற்றே என்று யாராவது சொல்வார்கள். ஹெச்பி குரோம்புக் நம் சென்னைக்குப் பக்கத்து ஆலையிலேயே 2023 முதல் தயாராகிறது. பள்ளிப் பிள்ளைக்குக் குறையில்லாத கருவி. பி.காம். மாணவிக்கு ஆகாது. டேலிபிரைம் விண்டோஸில் ஓடுவது. மகள் பழகுவதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. எஜுகேஷனல் மோடில் இலவசமாகத் திறக்கலாம். மாதத்தின் முதல் இரண்டு நாளுக்கும் கடைசி நாளுக்கும் மட்டும்தான் வவுச்சர் போட விடும், கற்றுக்கொள்ள அது போதும். தமிழில் டைப் செய்யவும் தனி சாஃப்ட்வேருக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் விண்டோஸிலேயே இருக்கின்றன.

ஷோரூம்காரர் காட்டிய 62,000 ரூபாய் மாடல், தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் வகையாகத்தான் இருக்க வேண்டும். கனமான லேப்டாப், செங்கல் மாதிரி அடாப்டர், சார்ஜ் சீக்கிரம் இறங்கும், சூடு அதிகம். எக்ஸலுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. பையனிடம் ப்ளஸ் டூ முடியட்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்குள் அவனே வேறு ஏதாவது கேட்பான். வட்டியில்லா இ.எம்.ஐ. என்பதிலும் வட்டி உண்டு. பாங்க் வட்டி போடும். அந்தத் தொகையைக் கம்பெனியோ கடையோ தள்ளுபடியாகக் கழித்துவிடும். ஆனால் கிரெடிட் கார்டில் போட்டால், அந்த வட்டி மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில் விழும். மொத்தமாகப் பணம் கொடுத்தால் என்ன குறைப்பீர்கள் என்று அதே கவுண்டரில் கேட்டுப் பாருங்கள், கணக்கு புரிந்துவிடும்.

அப்படியானால் 45,000 ரூபாய்க்குள் எதைத் தேடுவது? இன்டெல்லில் ஐ3-1215யூ, ஐ3-1315யூ, கிடைத்தால் ஐ5-1235யூ. ஏ.எம்.டி.யில் ரைசன் 5 7530யூ. இங்கே ஓர் எண்ணைக் கவனமாகப் பாருங்கள்: 7520யூ என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டின் ஸ்டிக்கரிலும் ரைசன் 5 என்றே போட்டிருக்கும். மூன்றாவது இலக்கம் உள்ளே இருக்கும் கட்டமைப்பு எது என்று சொல்வது. 7530இல் ஆறு கோர். 7520இல் நான்கு, அதுவும் ஒரு தலைமுறை பழைய கட்டமைப்பு, ராம் போர்டோடு பற்றவைத்தது. 7520 உங்கள் வேலையைச் செய்யாமல் போகாது. 7530 விலை கொடுத்து அதை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

"இப்போ 8 ஜிபியோட வாங்குங்க, அப்புறம் ஏத்திக்கலாம்" என்பது இத்தனை நாள் நல்ல யோசனைதான். இப்போது அப்படியில்லை. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறத் தொடங்கியது. க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளில் ராம் விற்றுவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. பின்னால் ஏற்றுவது சல்லிசாக முடியும் என்று எண்ணி வாங்க வேண்டாம். 16 ஜிபி பட்ஜெட்டுக்குள் வரவில்லை என்றால் 8 ஜிபியே வாங்கலாம், ஆனால் காலி ஸ்லாட் ஒன்று இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி. 512 ஜிபி இருந்தால் மூன்று பேருக்கும் இடம் காணும்.

திரை 1920க்கு 1080, ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். ஷோரூமில் கண்டுபிடிப்பது சுலபம்: பக்கவாட்டில் நின்று பாருங்கள், பிறகு மூடியைப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். முகம் கறுத்து நிறம் தலைகீழானால் அந்தத் திரை வேண்டாம். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்கிற வீட்டுக்கு அது சரிப்படாது. அளவு என்று வரும்போது பலரும் 14 அங்குலம்தான் சொல்வார்கள், எடை குறைவு என்று. உங்களுக்கு நான் 15.6 அங்குலம் சொல்கிறேன், வலது பக்கம் நம்பர் பேட் உள்ளதாக. ஸ்டோர்ஸ் கணக்கும் டேலி வவுச்சரும் முழுக்க எண்கள். மேல் வரிசையில் எண்களைத் தேடித் தேடித் தட்டுவதும் நம்பர் பேடில் பார்க்காமல் அடிப்பதும் ஒன்றாகுமா? மகள் தினமும் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே என்றால், கும்மிடிப்பூண்டியில் ஏறினால் கவரைப்பேட்டை, அடுத்தது பொன்னேரி. காமர்ஸ் வகுப்புக்கு நாள்தோறும் லேப்டாப் கொண்டுபோகச் சொல்லவும் மாட்டார்கள். தினம் சென்ட்ரல் வரை நின்றுகொண்டே போகிறவராக இருந்தால் பதில் மாறும்.

எக்ஸலுக்காக வாங்குவதால் ஆபீஸ் எந்த வகை என்று பெட்டியைப் பார்த்துக் கேளுங்கள். ஆபீஸ் ஹோம் என்று ஒருமுறை ஆக்டிவேட் செய்தால் அந்த லேப்டாப் இருக்கும்வரை ஓடுவது ஒன்று. ஒரு மாதமோ ஒரு வருடமோ ஓடிவிட்டுப் பணம் கேட்கும் 365 இன்னொன்று. ஓர் ஆயிரம் ரூபாய் கூடினாலும் முதல் வகை வரும் மாடலை எடுங்கள். லிப்ரே ஆபீஸ் இலவசம், மகளுக்குத் தாராளமாகப் போதும். உங்கள் கம்பெனி ஷீட்டில் மேக்ரோ இருந்தால் தகராறு செய்யும். கடையில் 'சும்மா போட்டுத் தரும்' ஆபீஸைத் தொடவே வேண்டாம். விண்டோஸில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி அக்கவுன்ட் போட்டு, பையனுடையதை ஸ்டாண்டர்டு யூசராக வைத்துவிட்டால் அவன் நினைத்ததையெல்லாம் இன்ஸ்டால் செய்ய முடியாது. கம்பெனி ஃபைலை வீட்டு லேப்டாப்பில் வைக்க மேலதிகாரியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வதும் நல்லது.

கரண்ட் விஷயம். அடாப்டரைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். ஃபர்னஸ் ஓடும் நேரத்தில் உங்கள் தெருவில் 170க்கு இறங்கினாலும் அது தாங்கும். கரண்டே போனாலும் பேட்டரி பார்த்துக்கொள்ளும். ஆகவே ஸ்டெபிலைசர் வேண்டாம், யுபிஎஸ்ஸும் வேண்டாம். வேண்டியது எர்த். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றிச் செருகினாலோ, பிளக் பாயின்டில் எர்த் இல்லாவிட்டாலோ, சார்ஜ் போட்டிருக்கும்போது மெட்டல் மூடியைத் தொட்டால் விரல் நுனியில் சுரீரென்று ஒரு கூச்சம் தெரியும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம் அது. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். அதைவிட உங்கள் ஊருக்கென்றே உள்ள பிரச்சினை தூசி. மில் பக்கத்துத் தூசியில் இரும்புத் துகளும் இருக்கும். ஃபேன் அதை உள்ளே இழுத்து ஹீட் சிங்க்கில் அப்பிவிடும். மெத்தை மேல் வைக்காமல் மேஜை மேல் வைத்து வேலை செய்யுங்கள். வருடம் ஒருமுறை பின்மூடியைத் திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள். சைட்டுக்கு எடுத்துப் போய் மெஷின் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள்.

பிராண்டு எது என்று நீங்கள் கேட்கவில்லை, அதுவே சந்தோஷம். டெல் ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் ஆலை வைத்திருக்கிறது, லெனோவோவுக்குப் புதுச்சேரியில் ஆலை. பக்கத்தில் செய்வதால் நமக்கு விலை குறையப்போவதில்லை. பெயரைவிட வாரண்டி எப்படிப்பட்டது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். 'ஆன்சைட்' என்றால் ஆள் வீட்டுக்கு வருவார். 'கேரி இன்' என்றால் நீங்கள் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்; கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள், இரண்டு நாள் ஷிப்ட் போச்சு. கம்பெனி வெப்சைட்டிலோ டோல் ஃப்ரீ எண்ணிலோ உங்கள் பின்கோடைச் சொல்லி, ஆன்சைட் அங்கே வரை உண்டா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

பணம் கட்டும் நாளில்: பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், ஆன்லைனில் வாங்கினால் பிரிப்பதைப் போனில் வீடியோ எடுங்கள். பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பர், லேப்டாப் அடியில் இருப்பது, பில்லில் எழுதியது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். சரக்கு கடையில் கிடந்த மாதங்களையும் சேர்த்துப் பழைய தேதி காட்டினால், பில்லை அப்லோடு செய்து திருத்தச் சொல்லலாம். அன்றைக்கே செய்துவிடுங்கள், வருடக் கடைசியில் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.